எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரின் வேலை

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிப் பதினான்கு வாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறரை மணிக்குத் தரமணியில் உள்ள ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு ஸ்பீக்கர் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் அப்போது காலை எட்டு மணி. அங்கே ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்திருந்த ஒருவர், “எல்லாரும் வந்தாயிற்றா?” என்று கேட்டுவிட்டு அன்றைய பாடத்தைத் தொடங்குவார். அவருடைய வேலையைத்தான் நாங்கள் கற்றுக்கொண்டிருந்தோம். பதினான்காவது வாரத்தின் வெள்ளிக்கிழமையோடு அந்த வேலை அவருடையதாக இருக்காது, எங்களுடையதாகிவிடும் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த அறையில் அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டினர் அமெரிக்காவில் போய் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தது. வெளிநாட்டினரிடம் வேலையை ஒப்படைத்து அதற்காக அமெரிக்க நிறுவனங்கள் செலுத்தும் தொகைக்கு 25 சதவீத வரி விதிக்கும் மசோதா ஒன்றும் அதே மாதத்தில் அந்நாட்டுச் செனட்டில் அறிமுகமானது. அன்று முதல் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களின் உணவுக்கூடங்களில் பேச்சு இதுதான். நம் பிள்ளைகளின் திறமையைக் கண்டு பயந்துவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். வீட்டுக் கடனை எப்படி அடைப்பது என்று கவலைப்படுகிறார்கள் மற்றவர்கள். இரண்டாவது கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் இந்தப் பேச்சில் எங்கேயும் அந்த ஸ்பீக்கர் ஃபோனின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் வருவதில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது என்ன, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நான் பார்த்த அளவுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்களிடம் வந்தது வாடிக்கையாளரோடு பேசும் கால் சென்டர் வேலை அன்று. ஒரு வீட்டுக்கோ கடைக்கோ புதிய தொலைபேசி இணைப்புக் கேட்டு ஆர்டர் பதிவானால், அது எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பி, எந்தக் கேபிளின் எத்தனையாவது ஜோடிக் கம்பியில் ஓடி, தெருவோரத்தில் உள்ள எந்தப் பெட்டி வழியாக அந்த வீட்டைச் சேர வேண்டும் என்பதைக் கணினியே தேடி ஒதுக்கிவிடும். பெரும்பாலான ஆர்டர்கள் இப்படி மனிதர் கை படாமலே முடிந்துவிடும். முடியாமல் நடுவழியில் நின்றுபோகும் ஆர்டர்களுக்கு ‘ஃபால்அவுட்’ என்று பெயர். முகவரி பதிவேட்டில் ஒரு மாதிரியும் ஆர்டரில் வேறு மாதிரியும் இருக்கும். காலியாக இருப்பதாகக் கணினி சொல்லும் ஜோடியில் ஏற்கெனவே யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். இடிக்கப்பட்டுப் பத்து ஆண்டான கட்டடத்துக்குக் கேபிள் போவதாகப் பதிவு இருக்கும். நின்றுபோன ஒவ்வோர் ஆர்டரையும் எடுத்து, ஏன் நின்றது என்று கண்டுபிடித்து, சரிசெய்து மறுபடி ஓடவிடுவது எங்கள் வேலை. ஒரு நாளைக்குத் தலைக்கு நாற்பது முதல் அறுபது வரை வரும்.

இதில் முதல் பாடமே இடக்குறியீடுதான். ஒவ்வோர் எக்ஸ்சேஞ்சுக்கும் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பதினோரு எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. அதை ‘க்ளி கோட்’ என்போம். முதல் நான்கு எழுத்து ஊர், அடுத்த இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு கட்டடம், கடைசி மூன்று அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் கருவி. சிகாகோ என்றால் சி-எச்-சி-ஜி, அதன்பின் இல்லினாய்ஸுக்கு ஐ-எல். செங்கல்பட்டைத் தாண்டாத நாங்கள், இரண்டே வாரத்தில் பார்த்திராத நூற்றைம்பது ஊர்களை எழுத்துக் கூட்டி அடையாளம் சொல்லப் பழகிவிட்டோம். ஆனால் குறியீடு தெரிவதும் அந்தக் கட்டடம் தெரிவதும் ஒன்றல்ல என்பதை அவர்தான் ஒவ்வொரு நாளும் எங்களுக்குக் காட்டினார்.

பயிற்சிக்கென்று ஒரு கையேடு இருந்தது. நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது, இருநூறு பக்கத்துக்கு மேல். அதில் எந்தத் திரையில் எதை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் அதைப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் நின்று, “இதில் எழுதியிருப்பதுபோலச் செய்தால் ஆர்டர் ஓடிவிடும், ஆனால் ஃபோன் வேலை செய்யாது” என்பார். பிறகு காரணம் சொல்வார். ஒரு குறிப்பிட்ட எக்ஸ்சேஞ்சின் கீழ் உள்ள ஒரு கேபிளில் ஐம்பது ஜோடிகள் மழை பெய்தால் ஈரமாகிக் கரகரக்கும். பதிவேட்டில் அவை நல்ல நிலையில் இருப்பதாகத்தான் இருக்கும். வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அவற்றை ஒதுக்காதீர்கள் என்பார். ஓர் ஊரில் ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் உண்டு, ஒன்று ஆற்றுக்கு வடக்கே, மற்றது தெற்கே; கணினி எப்போதும் வடக்கே அனுப்பும், நீங்கள் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள் என்பார். முதியோர் இல்லம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே இணைப்பு மாற்றும் வேலையைக் காலை பத்து மணிக்கு முன்னால் வைக்கவே வைக்காதீர்கள், அந்த நேரத்தில்தான் அவர்கள் மருத்துவரோடு பேசுவார்கள் என்பார். இவை எதுவும் கையேட்டில் இல்லை. நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். என் நோட்டு நூற்று அறுபது பக்கம் வந்தது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு வந்துகொண்டே இருந்தது. அப்பா தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டராக, அதாவது கேபிள் கம்பிகளை இணைப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். மாம்பலம் பகுதியில் வீடுகளுக்குக் கம்பி பிரியும் டி.பி. பெட்டி எது எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது, தெருவோரத்தில் நிற்கும் எந்த பில்லர் பெட்டிக்குள் மழைக்காலத்தில் தவளை வந்து உட்காரும், எந்த மேன்ஹோலில் இறங்கும் முன் அரை மணி நேரம் மூடியைத் திறந்து போட்டுக் காற்றுப் போக விட வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் வரைபடமாக இருந்தது. துறை வைத்திருந்த வரைபடம் வேறு, அவருடையது வேறு. பழுது வந்தால் பொறியாளர்கள் முதலில் விரிப்பது துறையின் வரைபடத்தை. கடைசியில் கேட்பது அப்பாவை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பாடம் முடிந்த பின் எங்கள் வீடுகளைப் பற்றி அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது, என் அப்பா கேபிள் ஜாயிண்டர் என்று சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, தானும் பதினெட்டு வயதில் அந்த வேலையில்தான் சேர்ந்ததாகவும், முதுகு வலி வந்த பிறகுதான் மேசை வேலைக்கு மாற்றினார்கள் என்றும் சொன்னார். உங்கள் ஊரில் கம்பிகளின் நிற வரிசை என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை நாலரைக்கு வீடு திரும்பியதும், வாசலில் பால் வாங்கக் காத்திருந்த அப்பாவைக் கேட்டேன். அவர் பாக்கெட்டை வாங்கிக்கொண்டே மூச்சு விடாமல் ஒப்பித்தார்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். முதல் ஐந்தில் ஒன்றும் அடுத்த ஐந்தில் ஒன்றும் சேர்ந்தால் ஒரு ஜோடி. ஐயைந்து இருபத்தைந்து ஜோடி ஒரு கட்டு. அன்று மாலை நான் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியபோது, இரண்டாவது நிறத்திலேயே அவரும் சேர்ந்துகொண்டார். பத்து நிறமும் அதே வரிசை. மாம்பலத்தில் குழிக்குள் உட்கார்ந்திருந்தவரும் அவரும் ஒரே வாய்ப்பாட்டைப் படித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசும் விதம் கொஞ்சம் மாறியது. ஒருநாள் மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்த இடைவெளியில்தான் அவராகவே சொன்னார்: இந்தப் பதினான்கு வாரமும் எங்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்து முடித்தால்தான் வேலையிலிருந்து அனுப்பும்போது தரும் பிரிவுத்தொகை அவருக்குக் கிடைக்கும்; நடுவில் விலகினால் இல்லை. தமக்குப் பதிலாக வருபவருக்குப் பயிற்சி கொடுப்பதையே பிரிவுத்தொகைக்கு நிபந்தனையாக வைப்பது அங்கே பல நிறுவனங்களின் வழக்கம் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அன்று எனக்கு இருபத்துமூன்று வயது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், வருந்துகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர், “நீ செய்தது எதுவும் இல்லை” என்றார்.

நான் செய்தது எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் என் சம்பளம் இந்தக் கணக்கில் ஒரு வரி. மாதம் 12,000 ரூபாய்க்கு நான் சேர்ந்திருந்தேன். அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 45 ரூபாய். என்னுடைய நான்கு மாதச் சம்பளம் அவருடைய ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த 12,000 ரூபாய் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போயிற்று. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையிலிருந்து திரும்பி வந்தன. நங்கநல்லூரில் எங்கள் தெருவில் இரவு வேலைக்குப் போன முதல் பெண் நான். விடியற்காலையில் கேப் வந்து இறக்கிவிடுவதைப் பற்றிப் பேசியவர்கள், இரண்டு ஆண்டுகளில் தங்கள் மகள்களுக்கு அதே கேப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆகவே இந்த வேலை இங்கே வந்திருக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

வேலை சென்னைக்கு வரக் கூலி வேறுபாடு மட்டுமே காரணம் அன்று. கூலி வேறுபாடு அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அமெரிக்காவோடு பேசும் பாதை ஒடுக்கமாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. பன்னாட்டுத் தொலைபேசிச் சேவையில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 2002 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைத்து, விநாடிக்கு 8.4 டெராபிட் கொள்ளளவுக்கு வடிவமைக்கப்பட்ட ஐ-டூ-ஐ கேபிள் வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னும் இரண்டு பெரிய கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறின. தரமணியில் டைடல் பார்க் 2000-த்திலேயே திறக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அவர் தம் இளமையில் குழிக்குள் உட்கார்ந்து கம்பிகளை இணைத்த அதே தொழில் வளர்ந்து, கடலுக்கடியில் இழையாக நீண்டு, அவருடைய வேலையை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அவரே ஒருமுறை இதைச் சொன்னார், கசப்பில்லாமல். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் குரலில்.

வேலை எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதும் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 2004-இல் பாரதி ஏர்டெல் தன் தகவல் தொழில்நுட்பப் பணிகளைப் பத்து ஆண்டுகளுக்கு ஐ.பி.எம். நிறுவனத்திடமும், தொலைபேசி வலையமைப்பை நடத்தும் பொறுப்பை எரிக்சன் முதலிய ஐரோப்பிய நிறுவனங்களிடமும் ஒப்படைத்தது. இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனம் அமெரிக்க நிறுவனத்திடம் வேலை கொடுத்தது என்பதால் அங்கே யாரும் நம்மைத் திறமையாளர்கள் என்றோ திருடர்கள் என்றோ சொல்லவில்லை. எது மையமான வேலை, எது வெளியே கொடுக்கக்கூடிய வேலை என்று நிறுவனங்கள் கணக்கிட்டன. அந்தக் கணக்கில் நாடு ஒரு செலவினம் மட்டுமே.

அந்தப் பக்கத்தில் எழுந்த எதிர்ப்பை நாங்கள் செய்தித்தாளில்தான் படித்தோம். பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2003-இல் பெங்களூரிலும் டெல்லியிலும் ஏறக்குறைய 2,200 பேர் வேலை செய்யும் கால் சென்டர்களைத் திறப்பதாக அறிவித்தபோது, அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கம் காற்றடைத்த பெரிய இளஞ்சிவப்பு யானை ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போராடியது. படத்தைப் பார்த்தபோது எனக்கு மனம் வலித்தது. அந்த யானை நாங்கள்தானோ என்று தோன்றியது. ஆனால் எனக்குப் பாடம் சொன்னவரை அறிந்த பிறகு அந்தப் படத்தை வேறு விதமாகப் பார்க்கப் பழகினேன். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரிசானில் 2016 ஏப்ரல் 13 அன்று ஏறக்குறைய 40,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் வெளியாருக்குக் கொடுப்பதும் அவர்களுடைய முக்கியமான குறைகளில் அடங்கும். ஏழு வாரங்களுக்குப் பிறகு ஏற்பட்ட உடன்பாட்டில், அங்கேயே 1,300 புதிய கால் சென்டர் வேலைகளை உருவாக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே நிறுவனத்துக்குக் கிண்டியிலும் அலுவலகம் உண்டு. அங்கே வேலை பார்த்த என் நண்பர்கள் அந்த ஏழு வாரமும் தங்கள் வேலை என்னவாகுமோ என்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் கேட்டது நியாயம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். என் நண்பர்களின் பயமும் நியாயம். இவர்கள் இரு தரப்பும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசிக்கொள்ள இடமே இல்லாமல் எல்லாவற்றையும் நடுவில் இருப்பவர்கள் பேசி முடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்காதது.

போன வேலைகள் திரும்பிப் போனதும் உண்டு. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம், பெல்சவுத் என்ற இன்னொரு தொலைபேசி நிறுவனத்தைத் தன்னோடு இணைக்க 2006 டிசம்பரில் அரசின் ஒப்புதலைப் பெற்றபோது, பெல்சவுத் வெளிநாட்டுக்குக் கொடுத்திருந்த 3,000 வேலைகளை அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுவருவதாக உறுதியளித்தது. பிரிட்டிஷ் டெலிகாம் 2020 தொடக்கத்திலிருந்து தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைப் பிரிட்டனிலும் அயர்லாந்திலுமே எடுக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ரா, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் ஆட்கள் அலுவலகம் வர முடியாமல் போனபோது, உள்நாட்டில் ஆயிரம் தற்காலிகப் பணியாளர்களைத் தேடியது; பிறகு தனிநபர், சிறு தொழில் வாடிக்கையாளர்களின் அழைப்புகள் எல்லாம் 2022 நடுவிற்குள் ஆஸ்திரேலியாவிலேயே எடுக்கப்படும் என்று அறிவித்தது. இதைப் படித்துவிட்டு வேலை வீடு திரும்பியது என்று அந்நாடுகளின் தொழிலாளர்கள் நிம்மதி அடையவும் முடியவில்லை. 2030-க்குள் 55,000 இடங்கள் வரை குறைக்கப்போவதாகவும், அவற்றில் ஏறக்குறைய 10,000 இடங்களைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும் என்றும் 2023 மே மாதம் அதே பிரிட்டிஷ் டெலிகாம் அறிவித்தது.

சென்னை இதில் வேலை வாங்கிக்கொள்ளும் ஊர் மட்டும் அன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கப்பட்ட நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. நிறுவனப் பேருந்தில் போய் வந்துகொண்டிருந்த கிராமத்துப் பெண்கள் பலருக்கு அதுதான் முதல் வேலை. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். மொத்தப் பணியாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். கடைசி நாளன்று மாலை அவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். இனி லைன் வேலைகளை ஒப்பந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்றார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வர்ற பசங்களுக்கு யாரு இடத்தைக் காட்டுவாங்க?” சித்தப்பாவிடம் பதில் இல்லை. தரமணியில் அந்தக் கூட்ட அறையில் பதினான்கு வாரமாவது ஒருவர் உட்கார்ந்து இடத்தைக் காட்டினார். அதைக்கூட நம் ஊரில் செய்யவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் 1 இரவு அடையாறு கரையைத் தாண்டியபோது எங்கள் ஷிப்டில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போக முடியவில்லை. மூன்று நாட்கள் அலுவலகத்திலேயே தங்கினோம். பலருக்கு வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை, கைப்பேசி வலையமைப்பே விழுந்திருந்தது. மூன்றாம் நாள் பேருந்து வைத்து எங்களில் பாதிப் பேரைப் பெங்களூருக்கு அனுப்பி அங்கிருந்து வேலையைத் தொடரச் செய்தார்கள். அந்த மூன்று நாளிலும் எங்கோ ஓர் ஊரில் புதுக் கடை திறந்தவருக்குச் சொன்ன நாளில் ஃபோன் வந்தது. தன் இணைப்பை ஒதுக்கிக் கொடுத்தவருடைய தாயார் வெள்ளம் சூழ்ந்த முடிச்சூரில் மாடியில் நின்றுகொண்டிருந்தார் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தால் அவர் வேண்டாம், போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார், மனிதர்கள் அப்படித்தான். அவரிடம் கேட்கும் இடத்தில் நாங்கள் இல்லை.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழிற்தகராறு சட்டத்திலிருந்தும் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்தும் விலக்கு எதுவும் இல்லை என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. எங்களில் பலர் அதுவரை அதை அறிந்திருக்கவில்லை. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் என்ற விதி 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், வேலை இழப்பவர் புதிய திறன் கற்றுக்கொள்வதற்கென்று மேலும் பதினைந்து நாள் ஊதியம் தரும் ஏற்பாடு சேர்ந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒருவர் இருபத்தெட்டு ஆண்டுகள் சேர்த்து வைத்த அறிவை வாரக்கணக்கில் உட்கார்ந்து மற்றவருக்கு மாற்றிக்கொடுப்பதும் ஒரு வேலை, அதற்குத் தனியாக ஒரு கூலி உண்டு என்று நான் படித்த எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. நிறுவனம் ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று விலை போடுகிறது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் வாய்வழியாகக் கொடுப்பது இலவசமாகக் கைமாறுகிறது. பிரிவுத்தொகையை நிபந்தனையாக்கும்போது அது இலவசம்கூட அன்று, பறித்துக்கொள்வதுதான்.

பதினான்காவது வாரத்தின் வெள்ளிக்கிழமை ‘ரிவர்ஸ் கே.டி.’ நடந்தது. கே.டி. என்றால் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’, அறிவைக் கைமாற்றுவது. கற்றுக்கொண்டவர் திரும்ப நடத்திக் காட்ட வேண்டும். கற்றுக்கொடுத்தவர் தேர்வு அதிகாரி. நான் அந்த ஈரக் கேபிளையும், ஒரே பெயருள்ள இரண்டு தெருக்களையும், பத்து மணிக்கு முன் தொடக் கூடாத முதியோர் இல்லத்தையும் சொன்னேன். எல்லாருக்கும் தேர்ச்சி என்று படிவத்தில் குறித்துக்கொடுத்தார். முடிந்ததும், உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல் என்றார். அடுத்த திங்கட்கிழமை ஒரு சந்தேகம் கேட்க அவருடைய அலுவலக முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. சொந்த முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பதினான்கு வாரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு விடை தெரியாமல் நாங்கள் அந்த மாதத்தில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட ஆர்டர்களைத் தவறாக ஓட்டினோம்.

இப்போது நான் வேறு ஒரு நிறுவனத்தில், இதே மாதிரி வேலை மாற்றங்களை நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தின் முதல் கூட்டத்திலும், எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களிடம் அவர்களுடைய வேலையைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்பேன். அது நம் ஒப்பந்தத்தில் இல்லாத விஷயம் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனாலும் என் குழுவில் உள்ள பிள்ளைகளிடம் நான் அறிந்ததைச் சொல்லிவிடுவேன். யாருடைய மேசையில் உட்காரப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு உட்காரட்டும். கற்றுக்கொடுத்தவர் வேலையை விட்ட பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு அவரை ஆலோசகராக வைத்து, அழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்பேன். இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாவது முறை, ஒரு வலையமைப்புக் கண்காணிப்புப் பணி மாற்றத்தில், நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மூன்று மாதங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். அவர் பழைய சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கேட்டார், கொடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் அவரை நாற்பத்தொரு முறை அழைத்திருக்கிறோம். முதல் அழைப்பு, பதிவேட்டில் இரண்டாம் மாடியில் இருப்பதாக எழுதப்பட்டிருந்து, உண்மையில் கட்டடத்தின் நிலவறையில் இருந்த ஒரு கருவியைப் பற்றியது. நான்கு நிமிடம் பேசினார்.